‘ஓம்பித்தின்னி’: பாராசிட்டாய்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்னோர் உயிரை ஒட்டி உண்டு வாழ்வது பாராசைட் (parasite). அதைத் தின்று கொன்றே வளர்வது பாராசிட்டாய்டு (parasitoid). இரண்டுக்கும் ‘ஒட்டுண்ணி’யே போதும் என்று நேற்றைய மடலில் வந்தது. எனக்கு உடன்பாடில்லை.

வட அமெரிக்காவின் பழுப்புத்தலை கௌபேர்ட் ஒரு பாடும் பறவை. கூடே கட்டாது. 200க்கும் மேற்பட்ட பறவையினங்களின் கூடுகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஏமாந்த பறவை தன் குஞ்சுகளை இழக்கலாம். ஆனால் அது சாவதில்லை, மறுபடி முட்டையிடும். கௌபேர்ட் பாராசைட்.

இப்போது டிரைக்கோகிரம்மா குளவி. கரும்பில் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த இந்தக் குளவி வளரும் அட்டையைக் கட்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். அட்டை முழுக்க அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பாக. குளவி உள்ளே முட்டையிட்டதால் வந்த கறுப்பு அது. சில நாளில் அதைத் துளைத்துக்கொண்டு வருவது புழு அல்ல, அரை மில்லிமீட்டர் குளவி. அந்துப்பூச்சியின் கதை அந்த முட்டையோடு சரி. இந்தக் குளவி பாராசிட்டாய்டு.

ஒட்டி உண்பது வேறு, முழுசாகத் தின்று தீர்ப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

பாராசிட்டாய்டுக்கு ‘ஓம்பிக்கொல்லி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இடங்கொடுக்கும் உயிரான (host) ‘விருந்தோம்பி’யில் உள்ள ‘ஓம்பி’யை எடுத்தது அருமை. ஆனால் ‘கொல்லி’ என்றதும் உரக்கடை மருந்துப் புட்டிதான் கண்முன் வருகிறது. மருந்தே வேண்டாம் என்றுதானே குளவியை விடுகிறோம்? எறும்புத்தின்னி நமக்குப் பழகிய சொல். அதே வழியில் ‘ஓம்பித்தின்னி’ எனலாம். தின்பது இளம்புழுதான், வளர்ந்த குளவி தேன் குடிக்கும். அதனால் பெயர் கெட்டுவிடாது. வயலில் ‘முட்டை ஒட்டுண்ணி’ என்றே சொல்லட்டும், நான் கேட்பது பாடநூலுக்கு.

ஒரு சிக்கல் உண்டு. ‘ஓம்பி’யை வினையெச்சமாகப் படித்தால், வளர்த்துத் தின்பது என்றாகும். தீபாவளி ஆடு நினைவுக்கு வருகிறது. ஆனால் கொட்டீசியா குளவியின் இளம்புழுக்கள், தண்டுத்துளைப்பானை உயிரோடு நடமாடவிட்டு உள்ளிருந்தே தின்பவை. அதற்கு அந்தப் பொருளும் பொருந்தத்தானே செய்கிறது?