எம்ஜேஓ வந்தால் மழை வந்துவிடுமா?

தாளடிக்காரன்:
போன டிசம்பரில் "எம்ஜேஓ என்கிற மழை அலை இந்தியப் பெருங்கடலுக்குள் வருகிறது, டெல்டாவில் வெளுத்து வாங்கும்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். யூரியா கரைந்து ஓடிவிடுமே என்று மேலுரம் போடாமல் மூட்டையை அடுக்கி வைத்திருந்தேன். வந்தது தூறல். உலகத்தைச் சுற்றும் அலையைப் பார்த்து மன்னார்குடிக்கு மழை சொல்வது ஜோசியம்தானே?

காற்றுமானி:
மன்னார்குடிக்குச் சொன்னது தப்புதான், ஆனால் அது அலையின் தப்பு இல்லை. 1971-ல் மேடன், ஜூலியன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்ததால் இது மேடன்-ஜூலியன் அலைவு, சுருக்கமாக எம்ஜேஓ. பல ஆயிரம் கிலோமீட்டர் அகலம். நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. நம் பக்கம் இருக்கும்போது காற்று மேலெழும்பும், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகத் தோதாக இருக்கும். பசிபிக் பக்கம் போய்விட்டால் இங்கே காற்று கீழிறங்கும். அப்போது கிழக்குக்காற்று ஜோராக அடித்தாலும் ஈரம் தரையை ஒட்டியே கிடக்கும். மேகம் உயர வளராது. கடற்கரையில் நாலு தூறல், அவ்வளவுதான்.

தாளடிக்காரன்:
சரி, 2016 லா நினா, மழை பொய்த்தது. 2021-ம் லா நினாதான், கொட்டித் தீர்த்தது. எல்லாம் முடிந்தபிறகு காரணம் சொல்லத்தான் உங்கள் அலைகள் லாயக்கு.

காற்றுமானி:
லா நினா அலையே இல்லை சார். அது பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடக்கும் நிலை, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்தப் பருவத்துக்குள் எந்த வாரம் நனையும், எந்த வாரம் காயும் என்பதில்தான் அலைகளுக்கு வேலை. எம்ஜேஓ மட்டும் இல்லை. அதைவிட வேகமாகக் கிழக்கே ஓடும் கெல்வின் அலை உண்டு, எதிர்த்திசையில் மேற்கே வரும் ராஸ்பி அலையும் உண்டு. இரண்டு மூன்று நம் பக்கம் ஒன்றுகூடினால் மழைக்கு வாய்ப்பு ஏறும்.

வாடைக்காற்று:
இரண்டு பேருமே தெற்கையே பார்க்கிறீர்கள். வட இந்தியாவுக்கு மேலே மேற்கத்தியக் காற்றில் ஓர் அலை இறங்கினால், வங்கக்கடல் புயல் வடக்கே திரும்பி ஈரத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். நமக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். 2022 அக்டோபரில் சித்ராங் புயல் வங்கதேசத்துக்குப் போனது. வழக்கமாக 20-ம் தேதியை ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை அந்த வருடம் 29-ல்தான் தொடங்கியது.

தாளடிக்காரன்:
அப்போ வடக்கே ஒன்று, தெற்கே மூன்று. நான் எதைப் பார்த்து உரம் போட?

காற்றுமானி:
உரத்துக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு போதும். எம்ஜேஓவைப் பார்க்க வேண்டியது இரண்டு மூன்று வாரம் தள்ளிச் செய்கிற வேலைக்கு. அறுவடை மாதிரி.

தாளடிக்காரன்:
2021 ஜனவரியில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. அதை இரண்டு வாரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் பதிவைத் தேடிப் போடுங்கள். அறுப்பு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.