புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீரகக் கல், முதுகில் துளை போட்டு எடுத்தாயிற்று

24 மில்லிமீட்டர் கல்லுக்கு விலாவைக் கிழித்துத்தான் ஆகவேண்டுமா என்று போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. '2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வெளியிலிருந்து அதிர்வலை விட்டுக் கல்லை உடைப்பது லேசில் சரிவராது, பிசிஎன்எல் (முதுகில் சிறு துளை போட்டுக் கல் எடுக்கும் முறை) பற்றிக் கேளுங்கள்' என்றவரின் யோசனைதான் பலித்தது. முதுகில் ஒரு சென்டிமீட்டர் துளை; அதற்குள் கருவி விட்டு, கல்லை உடைத்து எடுத்தார்கள். அப்பா குடிக்கும் அஸ்பிரின் (இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து) பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லச் சொன்னதும் உதவியது, ஒரு கிழமை முன்பே நிறுத்தச் சொன்னார்.

எதிர்பாராதது: முதுகுத் துளையில் வைத்த வடிகுழாயில் இரண்டு நாள் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் வந்தது. அம்மா பயந்துவிட்டா, வழமைதான் என்றார் மிஸ்ஸி (தாதி). குழாயைக் கழற்றியபின் துளை ஒருநாள் கசிந்து சாரமெல்லாம் ஈரம். மாற்றுச் சாரம் கொண்டுபோங்கள். சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைத்த ஸ்டென்டை (மெல்லிய குழாய்) இன்னும் எடுக்கவில்லை, திகதி தந்திருக்கிறார்கள்.