மறு: ஊரார் சொல்லும் பெயர், பிறர் சொல்லும் பெயர்: கலைச்சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு,

ஒரு நாட்டையோ ஊரையோ அங்குள்ளவர்களே சொல்லும் பெயர் (endonym), வெளியார் சொல்லும் பெயர் (exonym) ஆகிய இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த யோசனைக்கு என் மறுமொழி இது.

> அகப்பெயர், புறப்பெயர் என்றே வைத்துக்கொள்ளலாமே. நமக்குப் பழகிய இணைதானே.

பழகிய இணை என்பதால்தான் தயங்குகிறேன். அகம், புறம் என்றதும் நம் மனம் காதலுக்கும் போருக்கும் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, இச்சொற்கள் இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டா. யாருக்கு அகம், யாருக்குப் புறம்?

சென்ற மாதம் ஒரு பள்ளி நிலப்பட நூலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். அட்டவணையில் 'அகப்பெயர்' என்பதன் கீழ் பின்லாந்து, 'புறப்பெயர்' என்பதன் கீழ் சுவோமி என்று இருந்தது. சுவோமி என்பது பின்லாந்துக்காரர்களே தங்கள் நாட்டுக்குச் சொல்லும் பெயர்! தட்டச்சு செய்தவர் நமக்குத் தெரிந்ததை அகம் என்றும் தெரியாததைப் புறம் என்றும் எடுத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், சொல்லே அப்படி வழிகாட்டுகிறது.

ஆகவே சொல்லுக்குள்ளேயே ஆள் இருக்கட்டும்: தம்பெயர், அயலார்பெயர்.

ஜெர்மனியை வைத்துப் பாருங்கள். தம்பெயர் டாய்ச்லாந்து. பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கு அருகில் இருந்த அலமன்னி குடியினரை வைத்து அந்நாட்டுக்குப் பெயரிட்டார்கள். பின்லாந்தில் அது 'சக்சா'. சாக்சன் குடியினரால் வந்தது. போலந்துக்காரர்களின் 'நியெம்த்சி' பேச்சற்றவர் என்ற பொருளுள்ள பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து பிறந்தது. மொழி புரியாத அண்டை வீட்டாருக்கு வைத்த பெயர். அயலார் யார் என்று கேட்டால்தான் பெயரின் கதை திறக்கிறது.

நாமும் அயலார்தாம். சங்கப் பாடல்கள் சொல்லும் 'யவனர்' என்பது, கிரேக்கரில் ஒரு பிரிவினரான அயோனியரின் பெயர் பாரசீகம், வடமொழி வழியாகத் திரிந்து வந்தது. கிரேக்கர்களின் தம்பெயர் எல்லினெஸ். நாம் இன்று எழுதும் 'கிரேக்கர்' என்பதும் லத்தீன் வழி வந்த இன்னோர் அயலார்பெயரே.

> அப்படியானால் டூட்டிகொரின்?

அங்கே வேறு பெயர் இல்லை. தூத்துக்குடியே வேற்று நாவில் உருமாறியிருக்கிறது. 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்த டேனியர் அதை 'ட்ராங்கேபார்' என்றதும் இவ்வகையே. இவற்றை அயலார்பெயரின் உட்பிரிவாக்கி, 'திரிபெயர்' எனலாம். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

எனக்கு ஓர் ஐயம் உண்டு. 'தம்பெயர்' என்பது 'தம் பெயரை எழுதினார்' போன்ற தொடர்களோடு குழம்புமா? உங்கள் கட்டுரைகளில் இருந்து இரண்டு மூன்று வாக்கியங்களில் பொருத்திப் பார்த்து எழுதுங்கள். அடுத்த மெய்ப்பை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.