ஃபாண்டன்ட்: ‘பிசைபாகு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேக்கின் மீது போர்வைபோல் விரிக்கும் சர்க்கரைப் பண்டமான ஃபாண்டன்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: உருகினி, சர்க்கரைப் பசை, இனிப்புக் களி, சர்க்கரை மாவு. பிறந்தநாளுக்கும் திருமணத்திற்கும் வீட்டிலேயே கேக் அலங்கரித்துத் தருபவள் நான். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குச் செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரும்போதெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் முட்டிக்கொள்கிறேன். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் செய்முறை வாக்கியத்திற்குள் வைத்துப் பார்த்தேன். அகராதியில் அழகாக நிற்கும் சொல் அடுப்படியில் நிற்பதில்லை என்று தெரிந்தது.

‘உருகினி’யை முன்மொழிந்த ஐயா, பிரெஞ்சு மொழியில் உருகுதலைக் குறிக்கும் வினையிலிருந்து ஃபாண்டன்ட் பிறந்தது என்று காட்டியது சரியே. ஆனால் அந்தப் பெயர் பொருந்துவது முதலில் அதைப் பெற்ற பொருளுக்கு மட்டுமே. சர்க்கரையையும் தண்ணீரையும் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது இளம் உருட்டுப் பதம் வரும்வரை காய்ச்சி, அலுங்காமல் ஆறவிட்டு, பிறகு விடாமல் கிளறினால் சர்க்கரை மிக நுண்ணிய படிகங்களாகி வெண்மையாகக் குழைந்து வரும். சாக்லேட்டின் நடுவில் வைப்பதும், சூடாக்கி இளக்கிச் சிறு கேக்குகளின் மீது ஊற்றுவதும் இதைத்தான். இது வாயில் இட்டதும் கரையும். நாம் பெரிய கேக்கின் மீது போர்த்துவதோ வேறு பொருள். மாவாகப் பொடித்த ஐசிங் சர்க்கரையோடு, தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்த ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், சிறிது கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைவது அது. அது உருகிவிடக் கூடாதே என்றுதான் நாம் மின்விசிறியின் அடியில் தவம் கிடக்கிறோம். ‘உருகினியை உருகாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

‘சர்க்கரைப் பசை’ எளிமையாக இருந்தாலும், பூவிதழ்களை ஒட்டுவதற்காகச் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்னும் கெட்டிப்படுத்தும் பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறோமே, அதற்கு ‘பசை’ என்ற சொல் தேவைப்படுகிறது. ‘களி’ என்றதும் கரண்டிதான் நினைவுக்கு வருகிறதே தவிர, உருட்டுக்கட்டை வருவதில்லை. ‘சர்க்கரை மாவு’ என்பதை ஐசிங் சர்க்கரைக்கே பலர் சொல்லிவருகிறார்கள். சர்க்கரை மாவைச் சர்க்கரை மாவுடன் சேர்த்துப் பிசையச் சொன்னால் புதிதாகக் கற்பவர் என்ன செய்வார்?

ஒலிபெயர்ப்பே போதும் என்போர் தரப்பையும் நான் தள்ளிவிடவில்லை. கேக்கையே நான் கேக் என்றுதான் எழுதுகிறேன், அணிச்சல் என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் ஃபாண்டன்ட், ஃபான்டன்ட், பாண்டன்ட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். னகர மெய்யை அடுத்து டகரம் வருவதும் சொல் டகர மெய்யில் முடிவதும் தமிழ் மரபன்று. மரபுப்படியே திருத்திக்கொண்டு போனால் கடைசியில் ‘பாண்டம்’ என்று ஆகிவிடும். அது ஏற்கெனவே அடுக்களை அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது.

என் பரிந்துரை ‘பிசைபாகு’. பிசைந்த பாகு, பிசைகின்ற பாகு, பிசையும் பாகு என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. ஆதலால் வல்லினம் மிகாது, ‘பிசைப்பாகு’ என்று எழுதினால் பிழை. இதே அச்சில், ஊற்றிப் பயன்படுத்தும் பழைய வகையை ‘வார்பாகு’ என்றும், சி.எம்.சி. அல்லது அதையொத்த டைலோஸ் பொடி சேர்ந்து காய்ந்தபின் கல்லாக இறுகிவிடும், பூக்கள் செய்வதற்கான வகையை ‘இறுகுபாகு’ என்றும் சொல்லலாம். இந்த மூன்றையும் வேறுபடுத்துவது சுவையன்று, கை அவற்றை என்ன செய்கிறது, அவை என்ன ஆகின்றன என்பதே. மூன்றையும் ஒரே பெயரால் சொல்லிவிட்டு, பூவுக்கானதைப் போர்வைக்குப் பயன்படுத்திப் பல்லை உடைத்துக்கொள்ளும்படி கற்பவரை விட்டுவிடக் கூடாது.

பாகு நீர்மமாயிற்றே, உருட்டி விரிப்பதை எப்படிப் பாகு என்பது என்று, இந்தச் சொல்லை முன்பே என்னிடம் கேள்விப்பட்ட ஓர் அம்மையார் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குளுக்கோஸ் பாகும் ஜெலட்டின் கரைசலும் இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரை வெறும் பொடியாக உதிர்ந்துபோகும். அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது பாகுதான் என்பதே என் பதில். இது முழுமையான பதில் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன்: பாகு என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது ‘பாகை’ ஆகும், டிகிரியைப் ‘பாகை’ என்று எழுதுவோரின் குறிப்பில் ‘112 பாகை வரை பாகைக் காய்ச்சவும்’ என்று வந்து நிற்கும். இன் சாரியை சேர்த்துப் ‘பிசைபாகினை’ என்று எழுதினால் இது தீர்ந்துவிடும்.

இனி வாக்கியச் சோதனை. 20 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்டக் கேக்குக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: “பிசைபாகினைக் கையின் சூடு ஏறி நெகிழும்வரை பிசையவும். சோளமாவு தூவிய பலகையில், அவ்வப்போது கால்வட்டம் திருப்பிக்கொண்டே, 3 முதல் 4 மி.மீ. கனத்துக்கு விரிக்கவும். விட்டத்தோடு இரு பக்க உயரத்தையும் கூட்டினால் 40 செ.மீ.; ஓரத்துக்கு மேலும் சில செ.மீ. விடவும். உருட்டுக்கட்டையில் தளர்வாகச் சுற்றித் தூக்கி, கேக்கின் மீது அவிழ்த்துப் போர்த்தி, முதலில் மேல்விளிம்பை உள்ளங்கையால் அணைக்கவும்.” சொல் எங்கும் இடறவில்லை.

அடுத்த வரியில்தான் எனக்கு ஒரு பழைய சொல் கைகொடுத்தது. போர்த்திய விரிப்பு மேலே படிந்தபின் மிச்சம் முழுவதும் கீழே இறங்கி அடிவிளிம்பில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அந்த மடிப்பை அப்படியே அழுத்தினால் வரி விழுந்துவிடும், பாவாடையை விரிப்பதுபோல் வெளியே இழுத்துப் பிரித்தபடியே பக்கத்தைத் தடவ வேண்டும். இதற்குக் ‘கொசுவம்’ என்பதைவிடச் சரியான சொல் வேறு உண்டா? ‘அடிக்கொசுவத்தைப் பிரித்துவிட்டுத் தடவவும்’ என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. அதுபோலவே ‘வேர்த்தல்’. முதன்முதலில் ஒரு பிறந்தநாளுக்குச் செய்த கேக்கை, பத்திரமாக இருக்கட்டும் என்று இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்திருந்து, விழாவுக்குச் சற்று முன் வெளியே எடுத்தேன். சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்றின் ஈரமும் குளிர்ந்த பரப்பில் படிந்ததால் கேக் முழுவதும் முத்து முத்தாக வேர்த்தது, சிவப்புப் பூவின் சாயம் வெள்ளைப் பரப்பில் கோடாக இறங்கியது. மேலே மேலே துடைத்ததில் அது இன்னும் பரவியது. காற்றின் ஈரம் இப்படி நீராகப் படிவதை ‘ஒடுக்கம்’ என்று நான் எழுதினால் இயற்பியல் பாடம் நினைவுக்கு வரும். ‘வேர்த்துவிடும், துடைக்காதீர்கள், காற்றாட விடுங்கள்’ என்றால் கை தானாக நின்றுவிடும்.

எனக்கு இன்னும் முடியாத ஒன்று, கடைசியில் பரப்பைச் சமன்செய்யும் கைப்பிடி வைத்த தட்டையான கருவி. ‘இழைப்பான்’ என்று எழுதிப் பார்த்தேன். தச்சரின் இழைப்புளி போல எதையோ சீவிவிடுவதாகத் தோன்றுகிறது. வடிவத்திலும் வேலையிலும் அது கொத்தனார் பூச்சு வேலையில் தேய்க்கும் மணியாசுக் கட்டைக்கு உடன்பிறந்ததுபோல் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சமையலறைக்கு இரவல் வாங்கினால் படிப்பவர்களுக்குச் சிமெண்டு நினைவு வருமா, வராதா என்பதைக் கட்டட வேலைச் சொற்களில் பழக்கமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.