நெரிசலான ஏரியில் மீன் பிடிக்கும்போது அடுத்தவரிடமிருந்து எவ்வளவு தள்ளி அமர வேண்டும்?

எமரால்டு கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நீலகிரியின் எமரால்டு அணைக் கரையில் உரிமச் சீட்டுடன் தூண்டில் போடுகிறவன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே போய் அமர்ந்துவிடுவேன். குந்தா மின்திட்டத்துக்காகத் தண்ணீர் எடுக்கப்படுவதால் கோடையில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும் என்பதும், அப்போது கரை முழுவதும் சேறாகிக் கால் ஊன்றி நிற்கத் தக்க கெட்டியான இடங்கள் சிலவே மிஞ்சும் என்பதும் இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். மிரர் கார்ப் மீன்களும் பழைய ஓடைப் பள்ளத்தை ஒட்டியே கூடுவதால், கரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எல்லாரும் அந்தச் சில இடங்களுக்கே வந்து சேருகிறோம்.

கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருண்டைகளாக்கி, ஒரே இடத்தில் விட்டுவிட்டு எறிந்து, மீன் கூடும்வரை நான் பொறுமையாகக் காத்திருக்கிறேன். முதல் மீன் கரையேறியதும், அதுவரை எங்கோ இருந்தவர்கள் வந்து என் தோளோடு தோளாக நின்று, நான் இரை போட்ட அதே இடத்தில் தங்கள் தூண்டிலையும் இறக்குகிறார்கள். தூண்டில் நரம்புகள் சிக்குகின்றன, மீன் கலைகிறது, சில சமயம் வார்த்தை தடிக்கிறது. ஏரி பொதுச்சொத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரை போட்டவருக்கு அந்த இடத்தின்மீது ஏதேனும் உரிமை உண்டா, எவ்வளவு தூரம் விட்டு அமர்வது முறை என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். வரும் ஜனவரியில் மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் மினசோட்டா செல்கிறேன். உறைந்த ஏரியின்மேல் துளையிட்டு மீன் பிடிக்க அழைத்துப் போவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். அவர் அனுப்பிய படங்களில் பனிக்கட்டியின்மேல் ஒரு சந்தையே கூடியிருப்பதுபோல் ஆட்கள் தெரிகிறார்கள். அங்கே போய் வழக்கம் தெரியாமல் நடந்து அவருக்குச் சங்கடம் ஏற்படுத்த நான் விரும்பவில்லை.

கொடை ஏரிக்காரன்

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

இத்தனை அடி என்று ஒரு கணக்கை எல்லா இடத்துக்கும் பொருத்த இயலாது. நாங்கள் பார்ப்பது, ஒருவர் வீசும் தூண்டில் இடமும் வலமுமாக எவ்வளவு விரிந்து விழுகிறது என்பதைத்தான். மூங்கில் கம்பில் தக்கை கட்டிக் கரையோரம் போடுகிறவருக்குச் சில அடிகள் போதும். ரீல் வைத்துத் தொலைவில் எறிகிறவருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும், ஏனென்றால் பெரிய கார்ப் முள்ளில் மாட்டியதும் நேராக வராமல் கரைக்கு இணையாக ஓடும். அப்போது பக்கத்தில் இருப்பவர் யாரும் கேட்காமலேயே தம் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சாலை ஓடுவதால் எங்களுக்கு முதுகுப்பக்கத்துக் கவலையும் உண்டு. குதிரையும் மிதிவண்டியும் குழந்தைகளும் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ராடை வீசுவதை நாங்கள் எந்த நாளும் பொறுத்துக்கொள்வதில்லை.

இரை போட்ட இடம் போட்டவருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. பிண்ணாக்கு உங்களுடையது, காத்திருந்த நேரமும் உங்களுடையது. ஆனால் அந்த உரிமை நீங்கள் அங்கே அமர்ந்திருக்கும் வரைதான். முதல் நாள் மாலையே உருண்டைகளைப் போட்டுவிட்டு, கரையில் ஒரு குச்சியை நட்டு, மறுநாள் பத்து மணிக்கு வந்து "இது என் இடம்" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

குன்னூர்–மினசோட்டா

எமரால்டு ஐயாவுக்கு வணக்கம். குன்னூரில் பிறந்து வளர்ந்த நான் இப்போது மினசோட்டாவில் வசிக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் நடப்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஜனவரி உறைபனி புல்லை வெளுக்கச் செய்யுமே தவிர ஏரியை உறைய வைக்காது. இங்கே ஏரியின் மேற்பரப்பு கெட்டித்துத் தரையாகவே ஆகிவிடுகிறது. புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் அதன்மேல் நடக்கலாம் என்பது இங்குள்ள பொதுவான அறிவுரை. வண்டி ஏற்றுவதற்கு அதைவிட மிகுந்த தடிமன் வேண்டும். ஆகர் என்னும் துளைப்பானால் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்குவார்கள். குளிர்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வரை போட இம்மாநிலம் அனுமதிக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு 24 மணி நேரம், 72 மணி நேரம், 7 நாள் என்று குறுகிய கால உரிமங்கள் உண்டு. அதை வாங்காமல் தூண்டிலைத் தொடாதீர்கள்.

இடைவெளி குறித்துச் சட்டம் சொல்வது மிகச் சிறிது. பனிக்கட்டியின்மேல் ஏற்கெனவே நிற்கும் ஒரு மீன்பிடிக் குடிலிலிருந்து 10 அடிக்குள் இன்னொரு குடிலை அமைக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பத்தடியைக் காட்டி ஒருவர் அருகில் போய் அமர்ந்தால் சட்டப்படி அது குற்றமாகாது; ஆனால் அங்குள்ள எவரும் அதை நல்ல நடத்தையாகக் கொள்ள மாட்டார்கள். காரணம், துளை போடுவதற்கு முன்பே அந்த மனிதர் செய்திருக்கும் வேலை. நீருக்கடியில் உள்ள மேட்டையோ பாசிப் படுகையின் விளிம்பையோ தேடி, பல துளைகள் போட்டுப் பார்த்து, ஒலியலை அனுப்பிப் பார்க்கும் சோனார் கருவியால் ஆழத்தையும் மீனையும் அறிந்து, பிறகுதான் ஓரிடத்தில் அமர்கிறார். நீங்கள் பிண்ணாக்கு உருண்டை போட்டுச் செய்வதை இவர் துளை போட்டுச் செய்கிறார். அவர் ஒரு வால்ஐ (walleye) மீனைத் தூக்கியதைத் தொலைவிலிருந்து கண்டு, ஓடிப்போய் அவர் காலடியில் ஆகரை ஓட்டுவதுதான் இங்கே மிகவும் வெறுக்கப்படும் செயல்.

வெறும் மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் ஆகரின் இரைச்சலும் காலடி அதிர்வும் மீனைக் கலைத்துவிடும் என்று இங்கே நெடுங்காலம் மீன் பிடித்தவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். இரண்டு சோனார் கருவிகள் மிக அருகில் இருந்தால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றின் திரையில் கோடுகளாக விழுந்து இருவருக்குமே படம் கெட்டுப்போகும். அடுத்தடுத்த துளைகளில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் அது பனிக்கட்டிக்கு அடியில் வட்டமடித்து அண்டையாரின் நரம்பையும் சுற்றிக்கொள்ளும். மேலே நிற்பவர்களால் அதைப் பார்க்கவும் முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஆகரை முடுக்குவதற்கு முன், சற்றுத் தொலைவில் நின்று கையசைத்து, "இந்தப் பக்கம் துளை போட்டால் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முகமலர்ச்சியோடு இடம் காட்டுவார்கள், எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்பதையும் பலர் சொல்லிவிடுவார்கள். யாரும் அருகில் இல்லாத பழைய துளையைத் திறந்து பயன்படுத்தலாம். ஆனால் தூண்டிலோ அதனோடு இணைத்த சிறு கொடியோ பக்கத்தில் இருந்தால், ஆள் கண்ணில் படாவிட்டாலும் அதைத் தொடக் கூடாது. கொடி நிமிர்ந்தால் மீன் இழுக்கிறது என்று பொருள். அப்போதும் உரியவரைக் கூவி அழைக்க வேண்டுமே தவிர, அவர் கேட்காமல் நாம் மீனை எடுக்கக் கூடாது.

கோத்தகிரி ஆசிரியை

இரை, நரம்பு, சோனார் என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். கரையில் தனியாக அமர்ந்து மீன் பிடிக்கும் ஒரு பெண்ணாக நான் சொல்ல விரும்புவது வேறு. எனக்குப் பின்னால் ஓசையின்றி வந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் அமர்ந்தால், அவருடைய தூண்டில் என் தூண்டிலில் சிக்காவிட்டாலும் என் அன்றைய காலை கெட்டுப்போகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நல்லவரா என்று எடைபோடும் வேலையை என்மீது சுமத்திவிட்டாரே! தொலைவிலிருந்தே குரல் கொடுத்துக் கேட்பது என்று குன்னூர் அண்ணா எழுதியிருக்கும் வழக்கம் நம் கரைகளுக்கும் வந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். "வேண்டாம், சற்றுத் தள்ளி அமருங்கள்" என்று பதில் வந்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நகர்ந்துவிடவும் வேண்டும்.

கார்ப் மீனைப் பற்றி ஒரு தகவல். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட இந்த இனம் கேட்கும் திறனில் ட்ரவுட் மீனை விட மிகவும் கூர்மையானது. அதன் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புகளின் வரிசை ஒன்று இணைப்பதால் மெல்லிய ஓசையும் அதற்கு எட்டிவிடுகிறது. பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக்கொண்டு கரையில் அமர்கிறவர்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அருகில் இருப்பதாகவே நான் கொள்வேன்.

கொடை நண்பரிடம் ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. உரிமச் சீட்டு வாங்கி ரீல் ராடுடன் வருகிற நாம், கையில் நரம்பைச் சுற்றிக்கொண்டு இரவுக் குழம்புக்காக வருகிற கிராமத்துப் பிள்ளைகளிடம் "நான் இரை போட்ட இடம்" என்று வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களால் தொலைவில் எறிய இயலாது, கரையோரம்தான் போட முடியும். வசதி உள்ளவர் நகர்ந்து கொடுப்பதே முறை.

கொடை ஏரிக்காரன்

அம்மா சொல்வதை ஏற்கிறேன். நான் எழுதியது சமமான கருவிகளோடு வருகிற இருவருக்கிடையே மட்டும்தான் பொருந்தும். கைநரம்புப் பிள்ளைகளுக்குக் கரையோரத்தை விட்டுவிட்டு, ரீல் வைத்திருப்பவர்கள் ஆழத்தை நோக்கி எறிந்தால் இருவருக்கும் மீன் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்றாலும் மோதல் வராது.

எமரால்டு கரை

அனைவருக்கும் நன்றி. இனி உருண்டை போடத் தொடங்கும்போதே, பக்கத்தில் இருப்பவர்களிடம் எந்தத் திசையில் போடுகிறேன் என்பதைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். இதுவரை நான் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, நெருங்கி வந்த பிறகுதான் முகம் சுளித்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு அங்கே இரை கிடப்பதே தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

குன்னூர் தம்பியிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மீன் பிடித்து முடித்துக் கிளம்பும்போது அந்தத் துளையை அப்படியே விட்டுவிட்டு வருவதா?

குன்னூர்–மினசோட்டா

நல்ல கேள்வி, ஐயா. ஆகரால் போடும் சிறு துளை கடுங்குளிரில் விரைவிலேயே மேலே மெல்லிய ஏடாக உறைந்துவிடும். அதன்மேல் பனி தூவிவிட்டால் துளை இருப்பதே தெரியாது, பின்னால் வருகிறவரின் கால் உள்ளே இறங்கிக் கணுக்கால் பிசகும். எனவே கிளம்பும்போது துளையிலிருந்து எடுத்த பனிக்கூழைச் சுற்றிலும் குவித்து வைப்பதோ, பக்கத்தில் ஒரு மரக்கிளையை நட்டு வைப்பதோ நல்ல வழக்கம். குப்பையையும் அறுந்த நரம்பையும் பனிக்கட்டிமேல் போட்டுவிட்டு வராதீர்கள், வசந்தத்தில் உருகும்போது எல்லாம் ஏரிக்குள்தான் போகும். மருமகனிடம் சொல்லிக் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை ஒரு ஜோடி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காற்று பனித்தூளை வாரிச் சென்ற வழுக்குப் பரப்பில் அது இல்லாமல் நடப்பது நம் வயதுக்காரர்களுக்கு ஆபத்து.