லாரி போனது, காசு வரவில்லை

பட்டறைக்காரர், கோவை:

பங்குச்சந்தையில் புதிதாக லிஸ்ட் ஆகும் தொழிற்சாலைக் கம்பெனிப் பங்கை வாங்கலாமா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் பல வருடம் ஜாப் ஒர்க் செய்து கொடுத்தேன். மூன்று ஷிஃப்ட் ஓடும், வாசலில் எப்போதும் லாரி நிற்கும். அவர்கள் ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல்முறையாகப் பங்கு விற்பது) வந்தபோது, கண்ணால் பார்த்த கம்பெனி ஆயிற்றே என்று விண்ணப்பித்தேன். அலாட்மெண்ட், அதாவது பங்கு ஒதுக்கீடு, கிடைக்கவில்லை. கிரே மார்க்கெட்டில் (லிஸ்ட் ஆகும் முன்பே சந்தைக்கு வெளியே நடக்கும் வியாபாரம்) பிரீமியம் ஏறுகிறது என்று எல்லோரும் சொன்னதால், லிஸ்டிங் அன்று காலையிலேயே சந்தையில் வாங்கினேன். மூன்று மாதத்தில் விலை பாதியாகிவிட்டது.

அப்புறம்தான் ஆர்ஹெச்பியை, அதாவது ஐபிஓவுக்கு முன் கம்பெனி வெளியிடும் விவர ஆவணத்தை, படித்தேன். மூன்று ஆண்டும் லாபம் ஏறியிருந்தது. கேஷ் ஃப்ளோ பக்கத்திலோ, தொழிலில் இருந்து வந்த பணம் இரண்டு ஆண்டு மைனஸ். சரக்கு போனதும் பில் போட்டு லாபத்தில் ஏற்றிவிடலாம். காசு வசூலாவது வேறு விஷயம். வராத பாக்கியைச் சமாளிக்கக் கடன், அதற்கு வட்டி. எனக்கே ஐந்து மாத பில் பாக்கி இருந்தது. அதையும் பங்கையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கர், ஸ்ரீபெரும்புதூர்:

அண்ணா, நான் முதலில் பார்ப்பது நாம் கட்டும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஐபிஓ வந்தபோது எங்கள் பக்கம் எங்கு போனாலும் அதே பேச்சு. சுமார் 27,870 கோடி ரூபாய், முழுக்க ஆஃபர் ஃபார் சேல், அதாவது பழைய பங்குதாரர் தன் பங்கை விற்பது. கொரியாவின் தாய் நிறுவனம் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. இங்குள்ள ஆலைக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அதனாலேயே பங்கு மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் விரிவாக்கத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள் என்று நம்பிச் சிலர் விண்ணப்பித்தார்கள், அதுதான் எனக்கு வருத்தம். வெளியீட்டு விலை 1,960 ரூபாய், லிஸ்டிங் 1,934.

ஈரோட்டுக்காரர்:

லிஸ்டிங் நாள் விலையை மட்டும் நம்பாதீர்கள். கோவையின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் 2021 மார்ச்சில் 1,490 ரூபாய்க்கு வந்து, அதற்குக் கீழேதான் லிஸ்ட் ஆனது. சில ஆண்டுகளில் 4,000 ரூபாயைத் தாண்டியது. ஐபிஓ திறக்கும் முன்பே பங்கு வாங்கும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்களின் பங்கில் பாதிக்கு 30 நாள், மீதிக்கு 90 நாள் லாக்-இன், அதாவது விற்கத் தடை, உண்டு. அது முடியும்வரை நான் பொறுப்பேன். அதற்குள் ஒரு காலாண்டுக் கணக்காவது வந்துவிடும்.

பட்டறைக்காரர், கோவை:

நான் வாங்கியது சரிந்ததும் அந்த 90 நாளை ஒட்டித்தான் தம்பி. இப்போது ஒரு ஃபவுண்டரியின் (வார்ப்பு ஆலை) ஆர்ஹெச்பியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். காசு ஒழுங்காக வசூலாகிறது. ஆனால் இருக்கும் உலையே பாதித் திறனில்தான் ஓடுகிறது, புது உலை போடப் பணம் கேட்கிறார்கள். எதற்கு என்று ஆவணத்தில் காரணம் தேடுகிறேன். இப்படி ஒன்றை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.