72 வோல்ட் பேட்டரி 38 கிலோமீட்டரிலேயே நின்றுவிடுகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 3000 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார்) பொருத்தி நானே அமைத்த மிதிவண்டிக்கு, 21700 வகை லித்தியம் செல்கள் எண்பதை 20 தொடர், 4 இணை என்ற முறையில் இணைத்து, 72 வோல்ட், 20 ஆம்பியர்-மணி, அதாவது 1440 வாட்-மணி கொண்ட பேட்டரியைச் செய்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி என்ற கணக்கில் 55 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்த்தேன். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு கூடுதலாகவே தின்னும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கன்ட்ரோலர் (மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மின்சாரத்தைத் துண்டித்த பிறகும், ஓய்வில் அளந்தால் பேட்டரி 68 வோல்ட் காட்டுகிறது, அதாவது அது இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. மேடேறும்போது 40 ஆம்பியர் இழுக்கையில் அது 60 வோல்ட்டுக்குச் சரிகிறது. இதற்குச் செல்களின் உள்மின்தடை காரணமா, செல்களை இணைக்கும் மெல்லிய நிக்கல் பட்டைகள் காரணமா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? பழைய செல்களுடன் புதியவற்றைக் கலக்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து வழிகாட்டுங்கள்.